நூறு சிடி போடுங்கள், உறையில் எல்லார் பெயரையும் போடுங்கள்

எலெக்ட்ரானிக் சிட்டியிலும் அதைச் சுற்றி ஹெப்பகோடி, அனந்த நகர், சந்தாபுரா வரையிலும் வார இறுதிகளில் கூடிப் பாடுகிற, வாசிக்கிற, பாட்டுச் சொல்லிக்கொடுக்கிற தமிழ் இசைக் குழுக்களுக்கு,

உங்களில் பலர் இப்போது வீட்டிலேயே தரமாக ஒலிப்பதிவு செய்கிறீர்கள். திருப்புகழ் வகுப்பின் ஆண்டு விழா, பிள்ளைகள் பாடிய தேவாரம், நண்பர்கள் நால்வர் சேர்ந்து மெட்டமைத்த புதுப் பாடல்கள் எல்லாம் பதிவாகி இணையத்தில் ஏறுகின்றன. வாட்ஸ்ஆப்பில் இணைப்பை அனுப்பியதும் வெளியீடு முடிந்துவிட்டதாகக் கொள்கிறீர்கள். அது பாதி வெளியீடுதான் என்பது என் கருத்து. இணையத்தில் போடுவதை நிறுத்தச் சொல்லவில்லை. அதோடு சேர்த்து, ஒவ்வொரு முழுத் தொகுப்பையும் வீட்டிலேயே ஐம்பதோ நூறோ சிடிகளாக எழுதி, நல்ல அட்டை உறை போட்டு, ஒரு பதிப்பாகவும் கொண்டுவாருங்கள் என்று கேட்கிறேன். வட்டில் இருக்கும் ஒலிக்காக மட்டும் இதைக் கேட்கவில்லை, உறையில் அச்சாகும் எழுத்துக்காகவே முதன்மையாகக் கேட்கிறேன். யார் பாடினார், யார் வயலின், யார் மிருதங்கம், யாருடைய மெட்டு, எந்த ஊரில், எந்த ஆண்டில் என்ற விவரம் பாட்டோடு ஒட்டிக்கொண்டே போக வேண்டும். அதற்கு உங்கள் கைக்கு எட்டிய வழிகளில் இன்றைக்கும் சிறந்தது, வீட்டில் செய்கிற இந்தச் சிறு பதிப்புதான்.

பெயர் தொலைந்துபோகும் என்ற அச்சம் ஒலிப்பதிவு நம் நாட்டுக்கு வந்த நாளிலிருந்தே இருந்திருக்கிறது. 1902 நவம்பரில் கிராமபோன் கம்பெனிக்காக ஃபிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவில் பதிவு செய்தபோது, பாடகி கௌஹர் ஜான் பாடி முடித்ததும் தன் பெயரைத் தானே உரக்கச் சொன்னார். மெழுகில் பதிந்த மூலங்கள் கப்பலேறி ஜெர்மனியின் ஹனோவருக்குப் போய்த்தான் தட்டாக வேண்டும். அங்கே ஒட்டுத்தாளில் யார் பெயரை அச்சிடுவது என்பது அந்தத் தொழிலாளர்களுக்குத் தெரிய வேண்டும் அல்லவா? குரலையும் பெயரையும் ஒரே பொருளில் பூட்டிவைக்கிற ஏற்பாடு அது. தமிழில் இதற்கு இன்னும் அருமையான சான்று பாட்டுப் புத்தகங்கள். 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படமான காளிதாஸின் பிரதி இன்று எங்கும் இல்லை. அந்தத் தலைமுறைப் படங்கள் பலவற்றின் கதி அதுதான். ஆனால் கொட்டகை வாசலில் சில்லறைக் காசுக்கு விற்ற மெல்லிய பாட்டுப் புத்தகங்களைச் சிலர் எடுத்துவைத்தார்கள். கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரிப்பிலிருந்து உருவாகி, 1994 முதல் சென்னையில் இயங்கும் ஆராய்ச்சி நூலகத்தில் அப்படிப்பட்ட புத்தகங்கள் இருக்கின்றன. நாடகம், கிராமபோன், சினிமா ஆகியவற்றின் பழைய வரலாற்றை எழுதுகிறவர்கள் நடிகர் பெயருக்கும் பாடலுக்கும் அவற்றைத்தான் புரட்டுகிறார்கள். கோடி ரூபாய்த் தொழில் காக்கத் தவறியதை மலிவுத் தாளில் வந்த சிறு வெளியீடு காத்திருக்கிறது. எண்ணிக்கை குறைவு, தரம் சாதாரணம் என்று உங்கள் பதிப்பைப் பற்றி நீங்கள் கூச்சப்படும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

எலெக்ட்ரானிக் சிட்டிக்கென்றே இதில் தனி அவசரம் ஒன்று இருக்கிறது. 1978இல் கியோனிக்ஸ் நிறுவனம் கோனப்பன அக்ரஹாரத்திலும் தொட்டதோகூரிலும் 332 ஏக்கரில் தொழிற்பேட்டையாகத் தொடங்கிய இடம் இது. இங்கே பெரும்பாலோர் வேலைக்காக வந்தவர்கள், வாடகை வீட்டில் இருப்பவர்கள். கம்பெனி மாறினால் வைட்ஃபீல்டு பக்கம் போய்விடுகிறார்கள். இன்னொரு மாற்றல் வந்தால் சென்னை, ஹைதராபாத், அல்லது கடல் தாண்டி. தலைமுறை தலைமுறையாக ஒரே தெருவில் வாழும் ஊர்ப் பஜனை மடத்துக்கு இருக்கிற நினைவு உங்கள் குழுவுக்கு இல்லை. மிருதங்கம் வாசித்தவர் போனால், அவர் வாசித்தார் என்பதும் கூடவே போய்விடும். பாடல்களை ஏற்றிய இணையக் கணக்கு ஒருவர் பெயரில் இருக்கும். அவர் ஊரை விட்டுப் போய்ச் சந்தாவைப் புதுப்பிக்க மறந்தால், ஆண்டுச் சந்தா வாங்கும் சில விநியோகத் தளங்கள் பாட்டையே இறக்கிவிடும். தளங்களும் நிரந்தரமல்ல. பெங்களூரின் ஃபிளிப்கார்ட் 2012 பிப்ரவரியில் ஃபிளைட் என்ற பெயரில் பாட்டுக் கடை திறந்தது, அடுத்த ஆண்டு ஜூனிலேயே மூடியது. கூகுள் பிளே மியூசிக் 2020இல் போயிற்று. ரெஸ்ஸோ, விங்க் இரண்டும் 2024இல் கடையைக் கட்டின. 2003 முதல் 2015 வரை தன்னிடம் ஏற்றப்பட்ட பாட்டுகள், சர்வர் மாற்றத்தில் தொலைந்துவிட்டன என்று மைஸ்பேஸ் 2019இல் ஒப்புக்கொண்டது. இத்தனையும் பணமும் பொறியாளர்களும் நிறைந்த நிறுவனங்கள். உங்களில் பலர் அப்படிப்பட்ட நிறுவனங்களில்தான் வேலை பார்க்கிறீர்கள். ஒரு சேவையை நிறுத்தும் முடிவு எத்தனை சீக்கிரம் எடுக்கப்படுகிறது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

பெயர்களை இணையத்திலேயே போட்டுவிட்டால் போதாதா என்று கேட்பீர்கள். போடலாம், போடவும் வேண்டும். ஆனால் காணொளியின் கீழே எழுதும் குறிப்பு பாட்டோடு பயணம் செய்வதில்லை. பாட்டைத் தனியாகப் பிரித்து ஒருவர் வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால், கிடைக்கிறவர் கையில் ஏயுடி என்று தொடங்கித் தேதியும் எண்ணும் மட்டும் கொண்ட கோப்புப் பெயர்தான் மிஞ்சும். பாட்டுச் செயலிகளில் முகப்பில் தெரிவது முதன்மைப் பாடகர் பெயரும் படமும்தான். பக்கவாத்தியக்காரரைக் கண்டுபிடிக்க இரண்டு மூன்று இடம் தட்டிப் போக வேண்டும், போனாலும் பல சமயம் இருக்காது. கச்சேரி இசையில் வயலினும் மிருதங்கமும் அலங்காரமல்ல, பாதிக் கச்சேரி அவர்களுடையது. பணமாவது வருமா என்றால், 2024 தொடக்கத்திலிருந்து ஸ்பாட்டிஃபை, முந்தைய 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு ஒலிப்பதிவு உரிமைத்தொகை கொடுப்பதில்லை. உங்கள் வகுப்புப் பிள்ளைகளின் தேவாரத்தை இருநூறு பேர் மனமுருகிக் கேட்டாலும் அந்தக் கணக்கில் அது பூஜ்யம். ஆனால் அந்த இருநூறு பேரில் ஐம்பது பேர் ஒரு சிடியை விரும்பி வாங்குவார்கள் என்றால் உங்கள் பதிப்பின் செலவு திரும்பிவிடும். இங்கே ஓர் உண்மையையும் ஒத்துக்கொள்ள வேண்டும். சிடியின் ஒலிக்குள்ளும் பெயர் தானாக இருப்பதில்லை. கணினியில் போட்டால் டிராக் 01, டிராக் 02 என்றே வரும். சிடி-டெக்ஸ்ட் என்ற வசதியைப் பயன்படுத்தி எழுதினால் தலைப்புகள் தெரியும், ஆனால் அதன் எழுத்துமுறையில் தமிழ் கிடையாது, ஆங்கில எழுத்தில்தான் எழுத வேண்டும். ஆகவேதான் தாளை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

சிடியின் காலமே முடிந்துவிட்டதே என்பது அடுத்த எதிர்வாதம். வியாபாரம் முடிந்தது, அதில் ஐயமில்லை. உலகின் பெரிய வட்டுத் தயாரிப்பாளர்களில் ஒன்றாக இருந்த மோசர் பேயர், 2007 வாக்கில் 28 ரூபாய்க்குப் பட விசிடி விற்றுச் சந்தையையே புரட்டிப்போட்டது. 2018இல் அதைக் கலைத்துவிடும்படி தீர்ப்பாயம் உத்தரவிட்டது. மும்பையின் ரிதம் ஹவுஸ் 2016இல் மூடியது. ஆனால் இவையெல்லாம் லட்சக்கணக்கில் அச்சடித்து, கடை கடையாகப் பரப்பி, ஒவ்வொன்றிலும் சில ரூபாய் எடுக்கிற தொழில். கண்ணாடி மூலத்தட்டு செய்து, அதிலிருந்து அச்சு எடுத்து, பாலிகார்பனேட்டை உருக்கி வார்க்கிற தொழிற்சாலைக்கு ஐந்நூறோ ஆயிரமோ படிகள் இல்லாமல் கட்டுப்படியாகாது. வீட்டில் ரைட்டரில் எழுதுகிறவருக்கு அந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. முப்பது கேட்டால் முப்பது செய்யலாம், அடுத்த மாதம் இன்னும் இருபது செய்யலாம், கட்டிலுக்கடியில் விற்காத பெட்டி தங்காது. சந்தை செத்ததால் நமக்குக் கிடைத்திருக்கும் சலுகை இது. கேட்கிறதற்குக் கருவி வேண்டுமே என்றால், இப்போதைய மடிக்கணினிகளில் வட்டுப் பெட்டி இல்லை என்பது மெய்தான். பலர் வீட்டில் டிவிடி பிளேயர் பரணில் இருக்கிறது, பழைய கார்களில் இருக்கிறது, யுஎஸ்பியில் செருகும் வெளி ரைட்டர் கடையில் கிடைக்கிறது. இவை எதுவும் இல்லாதவருக்காக, உறையின் உட்பக்கத்தில் ஒரு கியூஆர் கட்டம் அச்சிட்டு, உங்கள் சொந்த இணைய இடத்திலிருந்து தரம் குறையாத கோப்பை இறக்கிக்கொள்ளச் செய்யுங்கள். அவருக்கும் உறை கையில் இருக்கும்.

இனிச் செய்முறை. இதில் அக்கறை இல்லாவிட்டால் மேலே சொன்ன வாதமெல்லாம் வீண். முதல் தவறு ஸ்டிக்கர். வட்டமான ஒட்டுத்தாளை அச்சிட்டு சிடியின் மேல் ஒட்டும் வழக்கம் இன்னும் இருக்கிறது, அதை அடியோடு விட்டுவிடுங்கள். வேகமான டிரைவில் சிடி நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்று வரை சுழலும். மயிரிழை தள்ளி ஒட்டினாலும் வட்டு அதிரும். சூட்டில் தாள் சுருண்டு விளிம்பு எழும்பினால் பிளேயருக்குள் சிக்கும். பிய்த்தெடுக்கப் பார்த்தால் மேற்பூச்சோடு பதிவும் உரிந்து வரும். அமெரிக்காவின் தேசியத் தர ஆய்வு நிறுவனத்துக்காக ஃபிரெட் பையர்ஸ் 2003இல் எழுதிய பராமரிப்புக் கையேடே ஒட்டுத்தாள் வேண்டாம் என்கிறது. சிடியில் பலரும் தலைகீழாக நினைக்கிற ஒன்று உண்டு. பளபளக்கும் அடிப்பக்கம்தான் மென்மையானது என்று எண்ணுகிறோம். அங்கே 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் காவல் இருக்கிறது. பதிவு இருப்பது மேல்பக்கத்துக்கு வெகு அருகில், மெல்லிய அரக்குப் பூச்சுக்குக் கீழே. பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் பாட்டின் மேலேயே கீறுகிறீர்கள். ஆகவே இங்க்ஜெட்டில் நேரடியாக அச்சிடும்படி வெள்ளைப் பூச்சுடன் வரும் பிரிண்டபிள் சிடி-ஆர் வாங்குங்கள். மஞ்சள் தட மெட்ரோ 2025 ஆகஸ்டில் ஓடத் தொடங்கிய பிறகு, இவற்றை வாங்க எஸ்.பி. ரோடு கடைகள் உங்களுக்குத் தொலைவில்லை. ஆர்.வி. ரோட்டில் பச்சைத் தடத்துக்கு மாறி கே.ஆர். மார்க்கெட்டில் இறங்கினால் போதும். வெள்ளைப் பூச்சு நடுத்துளை அருகே வரை வரும் வகையும் உண்டு, கொஞ்சம் தள்ளியே நின்றுவிடும் வகையும் உண்டு. எது என்று பார்த்துவிட்டு வடிவமைப்பைச் செய்யுங்கள்.

அச்சு இயந்திரத்துக்கு எங்கும் அலைய வேண்டியதில்லை. ஆதாரையும் அடையாள அட்டையையும் பிவிசி அட்டையில் அடித்துக் கொடுக்கும் ஜெராக்ஸ் கடைகளில் எப்சன் எல்805 போன்ற டேங்க் பிரிண்டரைப் பார்த்திருப்பீர்கள். பிவிசி அட்டைத் தட்டு நுழைகிற அந்த இடம் முதலில் சிடி அச்சிடுவதற்காகவே வைத்தது. சிடிக்கான தட்டு பெட்டியோடு வந்திருக்கும், கடைக்காரர் எங்கேயோ போட்டு வைத்திருப்பார், கேட்டுப் பாருங்கள். குழுக்கள் இரண்டு மூன்று சேர்ந்து ஒரு பிரிண்டர் வாங்கிக்கொள்வதும் நல்ல யோசனை. அதன் மை தண்ணீர் பட்டால் கலையும், ஆகவே அச்சிட்ட வட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் ஒரு நாள் உலரவிடுங்கள். எழுதும்போது அவசரம் கூடாது. 80 நிமிடத் தொகுப்பை 16 மடங்கு வேகத்தில் எழுத 5 நிமிடம் ஆகும். எடுத்துவைக்கவும் சரிபார்க்கவும் சேர்த்தால் நூறு வட்டுக்கு இரண்டு வார இறுதி போதும். டிராக்-அட்-ஒன்ஸ் முறையில் எழுதினால் பாட்டுக்குப் பாட்டு இரண்டு விநாடி மௌனம் விழும். ராகம் தானம் பல்லவியை மூன்று டிராக்காகப் பிரித்திருந்தால் அந்த மௌனம் இசையை வெட்டிவிடும். டிஸ்க்-அட்-ஒன்ஸ் என்பதையே தேர்ந்தெடுங்கள். முதல் வட்டை இருப்பதிலேயே பழைய பிளேயரில் முழுக்க ஓடவிட்டுக் கேட்ட பிறகு அடுத்ததைத் தொடங்குங்கள்.

உறைக்கு வருவோம். பிளாஸ்டிக் டப்பா வேண்டாம். அது எளிதில் விரியும், வட்டோடு சேர்த்தால் சுமார் 100 கிராம் கனக்கும், தபால் செலவைக் கூட்டும். 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டில் மடிக்கும் அட்டை உறை போதும். டிஜிட்டல் பிரிண்ட் கடைகளில் 12க்கு 18 அங்குலத் தாள்தான் வழக்கம். அதில் அட்டைக்குள் வைக்கும் நான்கு பக்கக் குறிப்பேடு, விரித்தால் 240க்கு 120 மில்லிமீட்டர், மூன்று அடங்கும். மடிப்பில் தாள் வெடிக்காமல் இருக்க கிரீசிங் போட்டுக் கேளுங்கள். கத்தியும் இரும்பு அளவுகோலும் இருந்தால் வெட்டுவதை வீட்டிலேயே முடிக்கலாம். அந்த நான்கு பக்கத்தை வாழ்த்துரைகளுக்குக் கொடுத்துவிடாதீர்கள், இது என் வேண்டுகோள். பாடல், இயற்றியவர், ராகம், தாளம், நேரம், பாடியவர், பக்கவாத்தியம், தம்புரா போட்டவர், பதிவு செய்தவர், பதிந்த இடமும் தேதியும், இவை முதலில். ஓதுவாரிடமோ பாட்டியிடமோ கற்ற பாட்டானால் அந்த வழியையும் ஒரு வரியில் எழுதுங்கள். எழுத்து ஒன்பது புள்ளிக்குக் குறையாமல் இருக்கட்டும், கேட்பவர்களில் கண்ணாடி போட்ட பெரியவர்கள் அதிகம்.

இந்த விவரங்களில் சிலவற்றைச் சட்டமும் கேட்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஏ பிரிவின்படி, வெளியிடும் எந்த ஒலிப்பதிவிலும், அதன் வட்டிலும் உறையிலும், பதிவு செய்தவரின் பெயரும் முகவரியும், உரிமையாளரின் பெயரும் முகவரியும், முதல் வெளியீட்டு ஆண்டும் இருக்க வேண்டும். மீறினால் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. 2012 திருத்தம் கொண்டுவந்த 38பி பிரிவு, தன் நிகழ்த்துதலுக்குத் தன் பெயர் சொல்லப்பட வேண்டும் என்று கேட்கும் உரிமையைக் கலைஞருக்குத் தருகிறது. மிருதங்கக்காரர் பெயரைப் போடுவது உங்கள் பெருந்தன்மை அல்ல, அவருடைய உரிமை. எதைப் பாடலாம் என்பதிலும் கவனம் வேண்டும். தேவாரம், திருவாசகம், திருப்புகழ், மும்மூர்த்திகள் பாட்டுக்குத் தடை இல்லை. 1973இல் மறைந்த பாபநாசம் சிவனின் பாடல்களுக்கு 2033 முடியும் வரை உரிமை உண்டு. பாரதி பாட்டு பொதுச்சொத்து, ஆனால் சினிமாவில் அதற்குப் போட்ட மெட்டு அப்படியல்ல. சினிமாப் பாட்டைத் திரும்பப் பாடி சிடி போட 31சி பிரிவில் ஓர் உரிம ஏற்பாடு இருக்கிறது. அதிலோ ஒவ்வொரு பாட்டுக்கும் ஆண்டுக்குக் குறைந்தது 50,000 படிகளுக்கு உரிமைத்தொகை கட்ட வேண்டும். நூறு படி போடுகிறவருக்கு அது கதவடைப்புதான். மொழியை முன்னிட்டு இந்த எண்ணிக்கையைக் குறைக்கச் சட்டத்திலேயே இடமிருக்கிறது, குழுக்கள் சேர்ந்து அதைக் கேட்க வேண்டும். அதுவரை பழம்பாட்டும் சொந்தப் பாட்டும் போதும், அவற்றிலேயே பல இன்னும் பதிவில்லாமல் கிடக்கின்றன.

சிடி-ஆர் பத்து வருடத்தில் போய்விடுமே, பிளாஸ்டிக் குப்பைதானே என்று கேட்பவர்களின் கவலை நியாயமானது. அதன் சாயப்படலம் வெயிலுக்கும் சூட்டுக்கும் அஞ்சும், காரின் முகப்பில் வைத்தால் சீக்கிரம் கெடும். அலமாரியில் நிமிர்த்தி வைத்தால் நெடுநாள் வரும். மூலக் கோப்பை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருங்கள், சிடி மட்டுமே ஆவணமாகாது. ஆனால் நூறு வீடுகளில் பரவிய நூறு படியில் பத்துப் படியாவது பிழைக்கும். ஒரே கணக்கில் இருக்கும் ஒரே கோப்புக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஒலியே போனாலும் உறை மிஞ்சும், அதிலிருந்து இன்னார் இன்ன ஆண்டு இங்கே பாடினார் என்பது தெரியும். குப்பையைக் குறைக்க, கேட்டவர் எண்ணிக்கைக்கு மட்டும் எழுதுங்கள், எழுதும்போது கெட்ட வட்டுகளைச் சேர்த்துவைத்து மின்கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள்.

கடைசியாக, நூறில் ஐந்தை விற்பனைக்கு முன்பே ஒதுக்கிவிடுங்கள். 1954ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, வெளியாகும் ஒவ்வொரு நூலும் சிற்றேடும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாராவுக்கும் மற்ற இரு நூலகங்களுக்கும் போக வேண்டும். ஒலிப்பதிவுக்கு இப்படியொரு விதி அந்தச் சட்டத்தில் இல்லை. யாரும் கேட்டு வாங்கி வைக்க மாட்டார்கள், நாமாகவே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். 1950இல் தொடங்கிய, அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும் பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்துக்கு ஒன்று, ரோஜா முத்தையா நூலகத்துக்கு ஒன்று, குருகிராமில் உள்ள இசை ஆவணக் காப்பகத்துக்கு ஒன்று, உங்கள் அடுக்ககத்து நூலக அலமாரிக்கு ஒன்று. ஐந்தாவது, குழுவை விட்டு முதலில் ஊர் மாறிப் போகிறவருக்கு. முதல் மூன்றையும் முன்கூட்டியே கேட்டு அனுப்புங்கள், கூடவே பாடல் விவரங்களைத் தட்டச்சு செய்த ஒரு தாளும் இருந்தால் அட்டவணை எழுதுகிறவருக்கு வேலை சுலபம்.

அன்புடன்,
உங்கள் பாட்டைக் கேட்டுவரும் ஒருவர்
எலெக்ட்ரானிக் சிட்டி, பெங்களூர்